பின் சீட்டுக்கு அடியில்

அந்தக் காருக்கு நாலு கதவு, மூன்று நிறம். மூன்றும் என் கைவேலை. அதனால் தெருவில் யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால் நானே முந்திக்கொண்டு சிரித்துவிடுவேன், கொஞ்சமாவது மானம் மிஞ்சட்டும் என்று. முன் கதவு இரண்டும் ஒரு வக்கீலின் வண்டிக்கு அடித்தது போக மிஞ்சிய வெள்ளை. பின்னால் இடது பக்கம் பள்ளிக்கூட வேனுக்கு வாங்கிய மஞ்சள். வலது பக்கத்துக்கு என்ன நிறம் என்று எனக்கே சொல்லத் தெரியாது. மூன்று டப்பாக்களின் அடியை ஒன்றாகக் கலக்கி அடித்தேன்.

வண்டி மெக்கானிக்குடையது. அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் இல்லை. தகரக் கூரை போட்ட ஒரே ஷெட்டைப் பதினாறு வருஷமாக இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். வாசல் பக்கம் அவருடைய எஞ்சின் வேலை, உள்பக்கம் என் ஒடுக்கெடுப்பும் பெயிண்டும். பின்சுவரில் ஒரு கதவு. அதைத் திறந்தால் அவர் வீடு, இரண்டே அறை. முன்னறையில் அண்ணி தையல் மெஷின் போட்டுக் கார் சீட்டுக்கு உறை தைப்பார். ஆக, எங்கள் வாசலில் நுழைகிற வண்டி எங்கள் மூன்று பேர் கையையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமானைத் துடைத்து, செய்தித்தாளில் வைத்து, வண்டிக்காரர் வந்ததும் கையில் கொடுப்பார். "இதுதான் போனது, எங்க தேஞ்சிருக்கு பாத்துக்குங்க" என்பார். மாற்றாமலே மாற்றியதாகச் சொல்கிற ஆட்கள் மலிந்த தொழில் இது. அண்ணன் அந்த ரகம் இல்லை. இன்னொருவர் வண்டியில் பழையதை மாட்டிவிட்டுப் புதிது என்று சொல்ல அவர் வாய் திறக்காது. வண்டிக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் தலையாட்டி, அங்கேயே விட்டுவிட்டுப் போவார். அப்படி விட்டுப் போனதில் எதில் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கிறதோ அது வீட்டுக் காருக்குப் போகும். "இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும் பெயிண்டர்" என்று என்னிடம் சொல்வார். கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுவழியில் நின்றாலும் நான் இருக்கிறேனே என்கிற தெம்பு அது.

அந்தத் தெம்பிலேயே வண்டி ஓடியது. காலையில் பேட்டரி முரண்டு பிடிக்கும், இரண்டு பேர் தள்ள வேண்டும். மேடு ஏறினால் தண்ணீர் கொதித்துவிடும். வைப்பரைப் போட்டால் ஹாரன் லேசாக முனகும், ஏன் என்று அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பின் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினாள். "இதை ஓட்டுனவ எதையும் ஓட்டுவா சித்தப்பா" என்று என்னிடம் பீற்றிக்கொள்வாள்.

வண்டி எங்கே நின்றாலும் அண்ணன் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு நிமிஷம்." வீட்டுக் காருக்கு மட்டுமில்லை, ஊரார் காருக்கும் அதே பதில்தான். தெருவில் அவர் பேரே ரெண்டு நிமிஷம் என்று ஆகிவிட்டது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

கடைசியாக வந்த கோளாறு பெட்ரோல் மோட்டார். டாங்கிக்குள் உட்கார்ந்து பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிற சின்ன மோட்டார் அது. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும். இரைச்சல் போடுகிறது என்று யாரோ ஒருவர் வண்டியிலிருந்து கழற்றியதை எடுத்து மாட்டியிருந்தார். வெயில் ஏறினால் அது நின்றுவிடும், அதோடு வண்டியும் நின்றுவிடும். வண்டிக்கு அடியில் படுத்து, டாங்கியை ரப்பர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் மறுபடி சுற்றும். இதற்காகவே டிக்கியில் ஒரு சுத்தியல் கிடந்தது. ஒரு மாதம் இப்படியே ஓட்டினார். ஒரு தடவை கடைத்தெருவில் அண்ணியே இறங்கிப் படுத்துத் தட்டிக் கிளப்பிக்கொண்டு வந்தார் என்றால் பாருங்கள்.

மகளைக் கட்டிக்கொடுத்திருந்த இடம் தூரம். மாப்பிள்ளைக்கு மலைக்குள் ஒரு மின் நிலையத்தில் வேலை. அங்கே பெரிய ஆஸ்பத்திரி கிடையாது என்பதால் பிரசவத்துக்கு ஆறாம் மாதமே இங்கே வந்துவிட்டாள். எட்டாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி இருக்கும். அண்ணி பின்கதவில் வந்து நின்று, "என்னங்க, ரத்தம் போகுது" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினார். பின் சீட்டில் மகளைப் படுக்க வைத்து, தலையை அண்ணி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். அன்றைக்குப் பார்த்து பேட்டரி ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. நான் நிம்மதியாக, ஒடுக்கில் பூசியிருந்த பட்டியைத் தேய்க்கத் திரும்பினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆற்றுப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. அண்ணி, "வேற வண்டி பாக்கலாங்க" என்றிருக்கிறார். "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு இவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போய்விட்டார். இவர் கால் இரண்டும் சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, லாரிகள் உரசிக்கொண்டு போயின. அண்ணி பயந்துபோய் இறங்கி, வண்டிக்குப் பின்னால் நின்று துண்டை வீசி லாரிகளை விலகிப்போகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் தட்டினார். அன்றைக்கு மோட்டார் சுற்றவில்லை. வெளியே வந்து பானெட்டைத் திறந்து ஃபியூஸைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், திரும்ப அடியில் போய்த் தட்டினார். வேறு எவனாக இருந்தாலும், வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதவனாக இருந்தாலும், முதல் நிமிஷத்திலேயே நடுரோட்டில் நின்று கையைக் காட்டியிருப்பான். தொழில் தெரிந்த மனுஷன், அதனால் இருபது நிமிஷம் ஆனது. கடைசியில் அண்ணிதான் காய்கறி ஏற்றி வந்த ஒரு வேனுக்குக் குறுக்கே போய் நின்றார்.

பெண் குழந்தை. மூச்சு இல்லாமல்தான் வெளியே வந்தது.

முன்னாடியே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அண்ணன் டாக்டரிடம் கேட்டார். "சொல்ல முடியாது" என்றார் அந்த அம்மா. "உள்ளயே எப்ப நின்னுச்சுன்னு தெரியல. பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம்." சேதி கேட்டு ஓடி வந்த நான் பக்கத்தில் நின்றேன். கோளாறு இதுதான் என்று காட்ட முடியாத ஒரு பதிலை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் அண்ணன் அந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். ஒரு வாரம் இருந்தார், மாமனாரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. லீவு முடிந்து போகும்போது, உடம்பு தேறட்டும், ஏழாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

காரை யாரோ கட்டி இழுத்து வந்து ஷெட்டின் மூலையில் விட்டிருந்தார்கள். அண்ணி பின் சீட்டின் உறையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். துவைத்தாரா எரித்தாரா என்று நான் கேட்கவில்லை. மற்றபடி யாரும் அதைத் தொடவில்லை. அண்ணன் வேலைக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் எட்டு மணிக்கு வந்தார். முன்னெல்லாம் வேலை செய்யும்போது எஞ்சினோடு பேசிக்கொண்டே செய்வார், திட்டுவார், கொஞ்சுவார். இப்போது ஸ்பேனர் கீழே விழுகிற சத்தம்தான். அண்ணியின் மெஷின் ஓடும், நிற்கும். ஒரு நாள் உள்ளே போனபோது பார்த்தேன், ஒரே ஓரத்தைத் தைத்துப் பிரித்து மறுபடி தைத்துக்கொண்டிருந்தார்.

மகள் உள்ளறையில் படுத்திருந்தாள். அழவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அம்மாவுக்கும் எனக்கும். அப்பாவிடம் மட்டும் பேசவில்லை. கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பரவாயில்லை. அவர் அறைக்குள் வந்தால் இவள் சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பாள், அவர் போகிறவரை பார்ப்பாள். அண்ணன் தினமும் மத்தியானம் பழம் ஏதாவது வாங்கிவந்து அந்த வாசல்படியில் வைத்துவிட்டு வருவார். மகள் ஊருக்குப் போவதற்குள் ஒரு வார்த்தை பேசினால் போதும் அவருக்கு. திட்டினால்கூடப் போதும். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் கணக்கு டீச்சர் வந்தார். எங்கள் பழைய வாடிக்கை. ஓட்டுகிற நேரமெல்லாம் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவார், வருஷத்துக்கு ஒரு தடவை பிளேட்டைத் தேய்த்துக் கொண்டுவந்து நிறுத்துவார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மத்தியானம் வண்டி எடுக்க வந்தவர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"என்ன ரெண்டு நிமிஷம், வண்டி ரெடியா?"

மூன்று வாரமாக யாரும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. நான் கையிலிருந்த தேய்ப்புத்தாளைப் போட்டுவிட்டு எழுந்தேன். அண்ணன் நிமிரவில்லை.

"ரெடி டீச்சர். ஓட்டிப் பாருங்க."

"எரியிற வாசனை வந்துச்சே, அது?"

"பிளேட்டு சுத்தமா போயிடுச்சு. புதுசு போட்டாச்சு. காலை எடுத்துட்டு ஓட்டுங்க டீச்சர். கியர் மாத்துனதும் கால் கீழ வந்துடணும்."

"நான் எடுத்துட்டுத்தான் ஓட்டுறேன்."

"பிளேட்டு அப்படிச் சொல்லலையே."

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பின்கதவைப் பார்த்தார். "ஆமா, உங்க பொண்ணு வந்திருந்தாளே. குழந்தை பொறந்தாச்சா? என்ன குழந்தை?"

நான் எதையாவது சொல்லி மறிக்க முன்னால் வந்தேன்.

"பொண்ணு" என்றார் அண்ணன்.

"அடடே, ரொம்ப சந்தோஷம்! தாத்தா ஆயிட்டீங்க, ஒரு இனிப்பு கிடையாதா? யார் சாயல்?"

அண்ணன் செய்தித்தாளோடு கிளட்ச் பிளேட்டை எடுத்து டீச்சரின் இரண்டு கையிலும் வைத்தார். "இதுதான் போனது. இந்த ஓரத்துல பாருங்க, எப்படித் தேஞ்சிருக்குன்னு."

டீச்சர் பார்த்தார், தலையாட்டினார், வழக்கம்போல அங்கேயே வைத்துவிட்டுப் புறப்பட்டார். போகும்போது குழந்தைக்கு என்று பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து வேலை மேசையில் வைத்தார். பின்கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் நின்றுபோனது. வெகு நேரம் ஓடவில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தார்.

"இல்லன்னு சொல்லிருக்கலாமேண்ணே" என்றேன்.

"அவங்க கேட்டது என்ன குழந்தைன்னு. பொண்ணுதானே."

"அதுக்கில்ல…"

"பெயிண்டர், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லுங்க."

"பாலத்துல நான் அடியில படுத்திருந்தப்போ அவ கத்துனா. நான் சரியா அவளுக்குக் கீழ கிடந்தேன். மேல அவ முதுகு, கீழ என் மூஞ்சி, நடுவுல டாங்கியும் சீட்டும்தான். 'அப்பா, காலி டாக்சி வருதுப்பா'ன்னு கத்துனா."

"அங்க லாரி சத்தத்துல…"

"கேட்டுச்சு. வெளிய நிக்கிறவனுக்குத்தான் லாரி சத்தம். அடியில படுத்தா மேல பேசுறது தகரம் வழியா நேரா காதுக்கு வரும். உனக்குத் தெரியாதா? நீயும் அடியில படுக்குறவன்தானே."

எனக்குத் தெரியும். அவர் சொன்னது முழுக்க உண்மை.

"கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கத்துனா, 'விட்டுட்டு வாப்பா'ன்னு. அதுவும் கேட்டுச்சு. அந்த நேரம் மோட்டார் லேசா ஒரு முனகல் முனகுச்சு. இன்னும் ரெண்டு தட்டு, கிளம்பிடும்னு நெனச்சேன். எந்திரிக்கல."

அவர் தட்டை நகர்த்திவிட்டுப் போய்க் கை கழுவினார். அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழாத ஆளிடம் என்ன சொல்வது? தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன், அதுதான் நான் செய்தது.

நாள்கள் போயின. என்ன நாள்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு கார் ரேடியேட்டர் ஓட்டையோடு வந்தது, ஒன்று பிரேக் கிறீச்சிடுகிறது என்று வந்தது, ஒன்று சும்மா புகை விட்டுக்கொண்டு வந்தது. எல்லாம் சரியாகிப் போயின. ஆறாவது வாரம் அண்ணி என்னைக் கூப்பிட்டார். சீட்டுத் துணி அளந்துகொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தம்பி, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வந்துருவாரு. இவ அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசாமலே போயிடுவா போல இருக்கு."

"நீங்க சொல்லிப் பாக்கலையா அண்ணி?"

"சொன்னேன். அன்னைக்கி நான் கத்துனேனேம்மா, அவருக்குக் கேக்கலையான்னு ஒரு நாள் கேட்டா. எனக்கே கேக்கலடி, வண்டிக்குப் பின்னாலதான் நின்னேன், அடியில கிடந்த மனுஷனுக்கு எப்படிக் கேக்கும்னு சொன்னேன். அதுக்கப்புறம் இன்னும் மோசமா ஆயிட்டா, என்கிட்டயும் பேச்சைக் குறைச்சுட்டா. நீ சொன்னா கேப்பா. சின்ன வயசுலேருந்து உன் மேல அவளுக்கு ஒரு இது."

அண்ணிக்கு நிஜமாகவே கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. பொய் என் கணக்கில்தான் வருகிறது.

உள்ளறைக்குப் போனேன். அவள் எழுந்து உட்கார்ந்து எனக்கு நாற்காலியை நகர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். பிறகு நான் வந்த விஷயத்தை ஆரம்பித்தேன்.

"அப்பா மேல கோவமாம்மா?"

"இல்ல சித்தப்பா."

"அவரு தெரிஞ்சு செய்யல. பதட்டம். அடியில கிடந்தா ஒண்ணும் கேக்காது, நான் தினமும் கிடக்குறவன் சொல்றேன். லாரி போற பாலத்துல இடி விழுந்தாலும் கேக்காது."

அவள் என்னையே பார்த்தாள். "அவரு உங்ககிட்ட சொன்னாரா, கேக்கலன்னு?"

"சொன்னாரு" என்றேன். கூசாமல் சொன்னேன். "கேட்டிருந்தா விட்டுட்டு ஓடி வந்திருக்க மாட்டாரா?"

"ஓ" என்றாள். "அப்படியா." காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பெரிய காரியம் சாதித்த மிதப்பு வேறு. நேராக அண்ணனிடம் போய், "கேக்கலன்னு சொல்லி வச்சிருக்கேன். அவளா வந்து கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க. அவ மனசு சமாதானம் ஆகணும், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லி இனி யாருக்கு என்ன ஆகப்போகுது?" என்றேன். அவர் ஒரு வண்டியின் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "சரி" என்றார்.

சனிக்கிழமை காலையிலிருந்து மழை. ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் வெளுத்துப் பால் பிடித்துப்போகும், அதனால் நான் ஒரு பம்பரில் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். வாடிக்கைக்காரர் யாரும் இல்லை. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், திடீரென்று மூலைக்குப் போய்க் காரின் பின் கதவைத் திறந்தார். ஏழு வாரத்தில் முதல் தடவை. உறையில்லாத வெறும் சீட்டைத் தூக்கிக் கீழே வைத்தார். அதற்கு அடியில் இருந்த மூடியின் திருகுகளைக் கழற்றினார். பெட்ரோல் வாசனை ஷெட் முழுக்கப் பரவியது. மோட்டாரை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, ஒரு செய்தித்தாளை விரித்து அதில் வைத்தார். பிறகு அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரருக்குக் காத்திருப்பதுபோல அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பின்கதவு திறந்தது. மகள் வந்தாள். உடம்பு பாதியாக இளைத்திருந்தாள். வெளிச்சத்தில் அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. சீட்டைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள்.

அண்ணன் எழுந்து செய்தித்தாளோடு மோட்டாரைக் கையில் எடுத்தார். "இதுதான்ம்மா போனது" என்றார். "வேறொருத்தர் வண்டியில கழட்டுனது. உள்ள கரண்டைக் கொடுக்குற கரி தேஞ்சு போயிருக்கு. உன்னை வீட்டுல வச்சுக்கிட்டு இதை மாத்தாம வச்சிருந்தேன். நான் செஞ்ச தப்பு."

அவள் அதை வாங்கவில்லை.

"அதுக்கு வரலப்பா" என்றாள்.

ஏழு வாரம் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு. அண்ணன் மோட்டாரை மேசையில் வைத்துவிட்டார்.

"நாளைக்கு அவர் வந்துருவாரு, கிளம்பிடுவேன். அதுக்குள்ள ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"பாலத்துல நீ அடியில படுத்திருந்தப்போ நான் உன்னைக் கூப்பிட்டேன். உனக்குக் கேட்டுச்சா?"

நான் பம்பரைத் தேய்ப்பதை நிறுத்தினேன். அண்ணன் என் பக்கம் திரும்பினார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன், கண்ணால் கெஞ்சினேன். கேக்கல என்று நாலெழுத்து, சொல்லித் தொலைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"கேட்டுச்சு" என்றார்.

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"என்ன சொன்னேன்?"

"முதல்ல, 'அப்பா, காலி டாக்சி வருதுப்பா'ன்னு. அப்புறம், 'விட்டுட்டு வாப்பா'ன்னு."

"அந்த வார்த்தையேதானா?"

"அதேதான். தினமும் கேட்டுக்கிட்டிருக்கேன், மறக்குமா?"

அவள் பெயிண்ட் டப்பா ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அம்மாவுக்குக் கேக்கலன்னாங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "உனக்கும் கேக்கலன்னு சித்தப்பா வந்து சொன்னாரு. அப்போ நான் கத்தவே இல்லையோன்னு நெனச்சேன்ப்பா. மனசுக்குள்ளயே கத்திட்டு, வாய்விட்டுக் கத்துனதா நெனச்சுக்கிட்டேனோன்னு. சத்தம் வெளிய வரலையோ. இன்னும் கொஞ்சம் பலமா கத்திருந்தா நீ எந்திரிச்சு வந்திருப்பியோ, பாப்பா பொழச்சிருக்குமோன்னு. படுத்தா இதேதான். கண்ணை மூடிட்டு மறுபடி மறுபடி கத்திப் பாக்குறேன், வாய்க்குள்ளயே. நாந்தான் அவளைக் கொன்னுட்டேன்னு நெனச்சுட்டேன்ப்பா."

சமாதானம் சொல்லிவிட்டதாக மிதப்போடு வெளியே வந்தேனே, அந்த நாளை நினைத்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தகப்பனைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அந்தப் பாரத்தைத் தூக்கி மகள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அண்ணன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தொடவில்லை. கையெல்லாம் பெட்ரோல்.

"இல்லம்மா. நீ நல்லாத்தான் கத்துன" என்றார். "அதுக்கு மேல ஒரு மனுஷியால கத்த முடியாது. ரெண்டு தடவையும் தெளிவா கேட்டுச்சு. நான்தான் எந்திரிக்கல. இந்த மோட்டாரை எடுத்துடுவேன்னு நெனச்சேன், எந்திரிக்கல. அதுல உன் தப்பு எதுவும் இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் வாய் கோணியது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. ஆஸ்பத்திரியிலும் அழாதவள், குழந்தையைக் கையில் வாங்கியபோதும் அழாதவள், தகரக் கூரை மேல் பெய்த மழையையும் மீறிக் கேட்கிற மாதிரி அழுதாள். அண்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலிருந்தும் வழிந்தது, துடைக்கவில்லை. உள்ளே மெஷின் நின்றது. அண்ணி கையில் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

"என்னடி? என்ன ஆச்சு? என்ன சொன்னாரு அப்பா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அவள், அழுகைக்கு நடுவில். "நான் கத்தித்தான் இருக்கேன்."